கதிரையோடு வரவும்

1

போன வருடம் ஆடி மாதம் நான் ஒரு மடக்குக் கதிரைக்குள் மாட்டிக்கொண்டேன். இருந்தேன், எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான். மருமகன் மத்தியூ ஒரு கையையும் அவருடைய தாய் லீஸ் மற்றக் கையையும் பிடித்து இழுத்தார்கள். என்னோடு சேர்ந்து கதிரையும் எழும்பி வந்தது. பக்கத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கைதட்டியது. நல்ல மனதோடுதான் தட்டினார்கள். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கிழமை நிற்கவென்று ஏரிக்கரைக்குப் போனவள், முழங்கால் நோகிறதென்று சொல்லி அடுத்த நாளே மொன்றியலுக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த வருடமும், சித்திரையிலேயே, மகள் துளசியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "அம்மா, ரூலோட்டோட ஏரிக்கரைக்குப் போறம். நீங்களும் அப்பாவும் வாங்கோ. உங்கட கதிரையளைக் கொண்டு வாங்கோ."

ரூலோட் என்பது காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகும் வீடு. கட்டிலும் குசினியும் உள்ளே இருக்கும், ஆனால் பகலில் யாரும் அதற்குள் இருக்கமாட்டார்கள். ஆடி மாதக் கடைசியில் கட்டடத் தொழிலாளருக்கு விடுமுறை விடுவார்கள். அந்த இரண்டு கிழமையும் கெபெக்கில் பாதிப் பேர் தங்கள் நல்ல வீடுகளைப் பூட்டிவிட்டு, காசு கட்டி, காட்டுக்குள் போய், பொதுக் கக்கூசுக்கு வரிசையில் நிற்பார்கள். கூடாரம், குழாயடி, வரிசை எல்லாவற்றையும் நாங்கள் ஒரு காலத்தில் அகதி முகாமில் இலவசமாகவே பார்த்துவிட்டோம். இதை மத்தியூவுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

போகாமல் விடலாம்தானே என்று கேட்பீர்கள். விட முடியாது. துளசி எங்களுக்கு ஒரே பிள்ளை. கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகத் தொடங்கிய வயதிலிருந்து அவளுடைய வாயில் பிரெஞ்சுதான். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் வீடு, அங்கேயே ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. தொலைபேசி எடுத்தால் "சா வா, அம்மா, எல்லாம் ஓகே" என்பாள். அதற்குமேல் ஒன்றும் வராது. ஆனால் போன வருடம், நான் மாட்டிக்கொள்வதற்குச் சற்று முன்பு, நெருப்பைப் பார்த்துக்கொண்டே அவளாகத் தமிழில் கதைக்கத் தொடங்கினாள். "அம்மா, எனக்கு இந்த வேலை பிடிக்கேல்லை" என்றாள். அவ்வளவுதான் கேட்டேன். அதற்குள் கதிரையும் கைதட்டலும் வந்து கதை நின்றுவிட்டது. மிச்சத்தைத் தொலைபேசியில் பலமுறை கேட்டுப் பார்த்தேன். "அது ஒண்டுமில்லை அம்மா" என்றாள்.

அந்த ஒண்டுமில்லையின் மிச்சத்தைக் கேட்கத்தான் எனக்கு ஒரு கதிரை தேவைப்பட்டது.

2

முதலில் கதிரையைக் கொண்டு வா என்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்தனை வருடம் ஆகியும் இது எனக்குச் செமிக்கவில்லை.

இங்கே ஒரு வீட்டுக்கு வெளியில் ஏதும் கொண்டாட்டமென்றால் அழைக்கும்போதே சொல்லிவிடுவார்கள்: உன்னுடைய கதிரை, உன்னுடைய குடிவகை. மனிதர்கள் தோளில் ஒரு நீளப் பையைக் கொளுவிக்கொண்டு வந்து, கதிரையை விரித்து, இருந்து, சாப்பிட்டு, மடக்கி, கொளுவிக்கொண்டு போவார்கள். இதில் யாருக்கும் வெட்கமில்லை.

ஊரில் எங்களுடைய வீட்டில் மொத்தம் நான்கு கதிரைகள்தான் இருந்தன. கலியாணம் பேச ஆட்கள் வருகிறார்களென்றால், அம்மா காலையிலேயே வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கதிரைகளை வாங்கி வைத்துவிடுவா. வந்தவர்கள் போனபிறகுதான் அவை திரும்ப வேலி தாண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அதுவரை நிலத்தில் பாய் போட்டு இருப்பார்கள். வருகிறவருக்கு இதொன்றும் தெரியாது, தெரியவும் கூடாது. படலை திறந்த சத்தம் கேட்டவுடன் "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லவேண்டும். அவர் "இல்லை, நிக்கிறன்" என்பார். "இருங்கோவன்" என்று இன்னொரு முறை சொல்லவேண்டும். பிறகுதான் இருப்பார். கதிரை போதாவிட்டால் வீட்டுக்காரர் எழும்பி நிற்பார். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆள் வந்தால் எங்கள் கால்கள் தாமாக எழும்பிவிடும்.

"பெத்த தாயைக் கதிரையோட வரச்சொல்லுறாள் பாத்தீரோ" என்றார் இவர். இவர் என்பது என் கணவர்.

"அவளுக்கு அது பிழையாத் தெரியாது."

"எங்களுக்குத் தெரியுதுதானே!"

ஆனாலும் அன்று பின்னேரமே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து என் முழங்காலின் உயரத்தை அளந்தார். இவர் அப்படித்தான். கோபமும் காரியமும் ஒன்றாக நடக்கும்.

3

குளிர்காலத்தில் எனக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அதற்காக நான் காத்திருந்த காலத்தையும், தொலைபேசியில் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று கேட்டுக்கேட்டு மனப்பாடமாகிப்போன அந்த இசையையும் பற்றித் தனியாக எழுதலாம், எழுதினால் இரத்த அழுத்தம் கூடும். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் சொன்னது இதுதான்: இருக்கை முழங்காலைவிடத் தாழ்வாக இருக்கக்கூடாது, துணி தொய்யக்கூடாது, கைபிடி ஊன்றி எழும்பக்கூடியதாக இருக்கவேண்டும்.

கேட்க லேசாக இருக்கிறது. கடைக்குப் போய்ப் பாருங்கள்.

இந்த ஊரில் முகாமுக்கு விற்கும் கதிரைகளில் பெரும்பான்மை, மனிதன் ஒருமுறை இருந்தால் பிறகு எழும்பத் தேவையில்லை என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. துணி தொட்டில்போல் தொங்கும். இருந்தால் முழங்கால் நாடியில் இடிக்கும். கைபிடியும் துணிதான். அதில் கோப்பை வைக்க ஒரு ஓட்டை உண்டு, கையை ஊன்றினால் கை அந்த ஓட்டைக்குள் போகும். தலைக்குத் தலையணை இருக்கிறது, போத்தலைக் குளிராக வைக்க ஒரு பை இருக்கிறது, தொலைபேசிக்கு ஒரு பொக்கெற் இருக்கிறது. எழும்புவதற்கு மட்டும் வழி இல்லை.

இவர் டவுன்டவுனில் ஒரு ஹொட்டேல் குசினியில் வாழ்நாள் முழுக்க நின்று வேலை செய்தவர். இருப்பதைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பொருளை வாங்கவேண்டுமென்றால் இவருக்கு அது பரீட்சை. யாரோ முகம் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதிய அபிப்பிராயங்களை எல்லாம் வாசித்தார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பியிடம் கேட்டார். அவர் கலியாண மண்டபத்துப் பிளாஸ்ரிக் கதிரையைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு போகும்படி சொன்னார். இருந்த யோசனைகளில் அதுதான் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் கடையில், இவர் வாசித்து வைத்திருந்த சாய்வுக் கதிரையில் என்னை இருத்தினார்கள். "உதில இரும் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, விலைச் சீட்டுத் தேட இவர் அடுத்த வரிசைக்குப் போனார். நான் சாய்ந்தேன். கதிரை எனக்கு முந்திச் சாய்ந்தது. கால் இரண்டும் மேலே, தலை கீழே, பார்வை முழுக்கக் கடையின் கூரை.

"இஞ்சருங்கோ!" என்று கத்தினேன்.

ஒரு விற்பனைப் பெண் ஓடி வந்து, மிக வசதியாக இருக்கிறதல்லவா என்று பிரெஞ்சில் கேட்டாள். ஊய், ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? இத்தனை வருடம் பேசிய பிரெஞ்சும் கால் மேலே போனவுடன் போய்விட்டது. இவர் வந்து என்னைக் கீழே இறக்கும் வரைக்கும் அவள் உத்தரவாதத்தைப் பற்றி விளக்கிக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது கடையில் ஆடும் கதிரை. இந்த மக்களுக்குக் காட்டுக்குள் வந்தும் ஆடவேண்டும். அதிலிருந்து எழும்ப முன்னால் உந்தினால் அது பின்னால் போகிறது. மூன்றாவது, மிகப் பாரமான ஆட்களுக்கான கதிரை. உயரம் சரி, கைபிடி சரி. ஆனால் அகலம் இரண்டு பேருக்குப் போதும். நான் இருந்தால் கை இரண்டும் கைபிடிக்கு எட்டவில்லை. "பக்கத்தில ஒரு தலையணை வைக்கலாம்" என்று சொல்லி, எனக்கு மறுமொழி சொல்ல இடம் வைக்காமல் இவர் அதை வாங்கிவிட்டார்.

4

மடக்குக் கதிரையை அதன் பைக்குள் ஒருதரம்தான் வைக்கலாம். அது தொழிற்சாலையில் நடந்து முடிந்துவிடும். இதை நாங்கள் எங்கள் வீட்டு ஹோலில் கண்டுபிடித்தோம். இவர் பிடித்தார், நான் இழுத்தேன். நான் பிடித்தேன், இவர் இழுத்தார். கடைசியில் கதிரையின் கால்கள் வெளியில் நீட்டிக்கொண்டிருக்க, அகதிக் குழந்தையைத் தூக்குவதுபோல் அதை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனோம்.

திருப்பிக் கொடுக்கும் மேசையில் இருந்த இளைஞன் அதைப் பார்த்தான். பைக்குள் இல்லாத கதிரையை எடுக்க முடியாது, அது விதி என்றான். அப்படியென்றால் நீயே பைக்குள் வைத்துக் காட்டு என்றார் இவர், பாதி ஆங்கிலம் பாதி பிரெஞ்சில். அது தன்னுடைய வேலை இல்லை என்றான் அவன். மேலாளரைக் கூப்பிடு என்றார். மேலாளர் சாப்பாட்டு இடைவேளையில் நின்றார். இவர் கைகளைக் கட்டிக்கொண்டு, வரிசை முழுவதையும் மறித்து நின்றுவிட்டார். எனக்கு வெட்கத்தில் தலை சுற்றியது. இவரைத் தெரியாதவள் மாதிரிப் பக்கத்து வரிசைக்கு நடந்தேன்.

அது மீன்பிடிச் சாமான்கள் விற்கும் பக்கம். தூண்டில்களுக்குக் கீழே ஒரு கதிரை விரித்துக் கிடந்தது. அழகென்று ஒன்றுமில்லை. கரும்பச்சைத் துணி, அலுமினியச் சட்டம், தட்டையான கைபிடி. கோப்பை ஓட்டை கிடையாது. கால்கள் நான்கையும் தனித்தனியாக நீட்டலாம் குறைக்கலாம், ஆற்றங்கரை மேடுபள்ளத்துக்காகச் செய்தது போலும். அதை என் முழங்கால் உயரத்துக்கு நீட்டினேன். இருந்தேன். துணி தொய்யவில்லை. கைபிடியில் கையை ஊன்றினேன்.

எழும்பினேன்.

ஒருவரும் கை தரவில்லை, ஒருவரும் கைதட்டவில்லை. நம்பிக்கை வராமல் திரும்ப இருந்து திரும்ப எழும்பினேன். பைத்தியக்காரிபோல் அந்தத் தூண்டில்களுக்கு நடுவில் இருந்து எழும்பிக்கொண்டே இருந்தேன். கண் கலங்கிவிட்டது, ஏன் பொய் சொல்லவேண்டும்?

மேலாளர் வந்து, பையில்லாமலே பழைய கதிரையை எடுத்துக்கொண்டார். இவர் வெற்றியோடு வந்து என் கதிரையைச் சுற்றிப் பார்த்தார். "உதைப்பற்றி ஒருதரும் ஒண்டும் எழுதேல்லையே" என்றார் சந்தேகமாக.

"நான் எழுதுறன். நீங்கள் காசைக் குடுங்கோ."

5

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த பின்னேரம் என் கதிரையை நானே விரித்தேன், நெருப்புக் குழிக்குப் பக்கத்தில், துளசியின் கதிரைக்கு அருகில். மற்றவர்களுடைய கதிரைகள் எல்லாம் தாழ்வு. நான் மட்டும் வழக்கு விசாரிக்க வந்தவள்போல் உயரத்தில் இருந்தேன். மத்தியூ பெருவிரலைக் காட்டினார். துளசி சிரித்தாள். "சுப்பர் அம்மா, எங்க எடுத்தனீங்கள்?" என்றாள். விறகு அடுக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் அவள் இருந்தாள். இனி வரும், அந்தக் கதையின் மிச்சம் வரும் என்று நான் மூச்சுவிடாமல் காத்திருந்தேன்.

வந்தது லீஸ். என்னுடைய சம்பந்தியம்மா. அவவும் அங்கேதான், நான்கு இடம் தள்ளித் தன்னுடைய ரூலோட்டில் இருக்கிறா. நாயை நடத்திக்கொண்டு போனவ, எங்களைக் கண்டு சும்மா போன்ஜூர் சொல்ல வந்தா. கையில் கதிரை இல்லை.

இவர் துள்ளி எழும்பினார். நானும் எழும்பினேன். எழும்பக்கூடிய கதிரை அல்லவா, முன்னெப்போதையும்விட வேகமாக எழும்பிவிட்டேன். இவர் என் கதிரையைத் தூக்கி லீஸுக்கு முன்னால் வைத்து, "அஸ்ஸேயே-வூ, மதாம், அஸ்ஸேயே-வூ" என்று இருக்கச் சொன்னார். எங்களவர் யாராக இருந்தாலும் "இல்லை இல்லை, நிக்கிறன், இப்ப போயிடுவன்" என்று சொல்லியிருப்பார்கள். நாங்கள் வற்புறுத்தியிருப்போம். அதற்குள் எனக்கொரு கதிரை எங்கிருந்தாவது வந்திருக்கும். லீஸ் "ஓ, மெர்சி!" என்று சொல்லிவிட்டு இருந்தா. நல்லாகச் சாய்ந்து இருந்தா. கைபிடியைத் தட்டிப் பார்த்து, எவ்வளவு வசதி என்றா. நாயும் படுத்தது.

இவர் தன்னுடைய கதிரையை எனக்குக் காட்டினார். அது போன வருடம் நான் மாட்டிக்கொண்ட தொட்டில். நான் ரூலோட்டின் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டும் நின்றேன். பிறகு முழங்கால் சொன்னதைக் கேட்டு உள்ளே போய்க் கட்டிலில் படுத்தேன். அந்தச் சுவர் மெல்லியது. வெளியில் பிரெஞ்சில் சிரித்துக் கதைப்பது எல்லாம் கேட்டது. மூன்று மாதம் அலைந்து எடுத்த கதிரையை மூன்று நொடியில் கொடுத்துவிட்டு, போன வருடம் படுத்த அதே கட்டிலில் அதே முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இவர்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

துளசி உள்ளே வந்தாள். "என்னம்மா, திரும்பவும் படுத்திட்டீங்கள்?"

"கால் நோகுது."

"அப்ப ஏன் கதிரையைக் குடுத்தனீங்கள்? உங்களுக்கு ஒப்பரேஷன் செய்தது லீஸுக்குத் தெரியும். எழும்புங்கோ எண்டு சொன்னா எழும்பியிருப்பா."

"வந்த ஆளை எழும்பு எண்டு சொல்லுறதோ? என்ன கதை கதைக்கிறாய் நீ?"

"ஓம். அதில என்ன?"

"அதில என்னவோ! உனக்கு விளங்காது."

"எனக்கு விளங்கும்" என்றாள். "எனக்கு நல்லா விளங்கும் அம்மா. நீங்கள் லொங்குய்க்கு வந்தாலும் குசினிக்க நிக்கிறியள். ஆரும் வந்தா நிக்கிறியள். சாப்பிடேக்கையும் நிண்டு பரிமாறிப்போட்டுக் கடைசியில சாப்பிடுறியள். போன வருசம் நான் என்ர வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினவுடன, தேத்தண்ணி போடுறன் எண்டு எழும்பினீங்கள். அப்பதான் மாட்டினீங்கள். நிண்டுகொண்டிருக்கிற ஆளோட நான் என்னத்தைக் கதைக்கிறது?"

நான் கட்டிலில் எழும்பி இருந்தேன். அவள் எங்களைவிட்டுத் தள்ளிப் போகிறாள் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். அவளோ, நான் ஒரு இடத்தில் இருக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

6

அடுத்த நாள் பின்னேரம் லீஸ் திரும்ப வந்தா. இந்த முறை தோளில் சிவப்பு நிறப் பை. துளசி ஏதோ சொல்லியிருக்கவேண்டும். அல்லது இவர்களுக்கு இது வழக்கம்தானோ, தெரியாது.

இவர் வழக்கம்போல் எழும்பி, என் பக்கம் திரும்பிக் கண்ணால் காட்டினார். எழும்பும் என்று அர்த்தம்.

என் கால்கள் இரண்டும் தயாராகிவிட்டன. நான் கைபிடியை இறுக்கிப் பிடித்தேன், எழும்புவதற்கு அல்ல. சம்பந்தியம்மா நிற்கிறா, நான் கதிரையில் இருக்கிறேன். ஊரில் இதைக் கண்டால் எனக்கு விசர் என்று சொல்லியிருப்பார்கள்.

"போன்சுவார், லீஸ்" என்றேன், இருந்தபடியே.

"போன்சுவார்!" என்றா அவ. பையைத் திறந்தா, கதிரையை உதறினா, இருந்தா. வானம் இடிந்து விழவில்லை. அவவுக்கு ஏதோ நடந்ததாகவே தெரியவில்லை. இவர் மட்டும் நட்டுவைத்த கம்பம்போல் நின்றுகொண்டிருந்தார். "இருங்கோவனப்பா" என்றேன். இருந்தார்.

துளசி தன்னுடைய தாழ்ந்த கதிரையை என் காலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். லீஸும் மத்தியூவும் மீனைப் பற்றி ஏதோ வாக்குவாதப்பட, இவரும் தனக்குத் தெரிந்த பிரெஞ்சோடு அதற்குள் புகுந்துகொண்டார். அப்போது அவள் சொன்னாள், தமிழில், இடையிடையே சொல் தேடித்தேடி. கணக்கு வேலையை விடப்போகிறாளாம். திரும்பவும் பல்கலைக்கழகம் போய், சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் படிக்கப்போகிறாளாம். மத்தியூ சம்மதமாம். எங்களுக்குச் சொல்லத்தான் பயமாம்.

நிரந்தர வேலை. ஓய்வூதியம். முப்பது தாண்டிய பிறகு படிப்பு. ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரட்டோ என்று கேட்க வாய் உன்னியது. உண்மையாகவே உன்னியது. நான் எழும்பவில்லை.

"ஏனடி பயம்?" என்றேன்.

"நீங்கள் கஷ்டப்பட்டுப் படிப்பிச்சனீங்கள்."

"நான் கார்டெரிக் குசினியில சமைச்சனான். பிள்ளையளுக்குப் பக்கத்திலதானே அவ்வளவு காலமும் நிண்டனான். அந்த வேலையில என்ன பிழை?"

அவள் என் நல்ல முழங்காலில் தலையைச் சாய்த்தாள். பிறகு பிழையான முழங்காலில் சாய்த்துவிட்டோமோ என்று பயந்து கேட்டாள். இல்லை, சாய் என்றேன். நன்றாக இருட்டும் வரை கதைத்தோம்.

7

புறப்படும் நாள் கதிரைகளை மடக்கும் போராட்டம். என்னுடையதை இவர் காரின் பின்னால் திணித்துக்கொண்டிருந்தார். துளசி வந்து அதை வெளியில் எடுத்தாள்.

"பிள்ளை, அது அம்மான்ர."

"தெரியும் அப்பா. இது இஞ்ச கிடக்கட்டும்."

ரூலோட்டின் பக்கத்தில் சாமான் வைக்கும் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அவள் அதைத் திறந்து, தங்களுடைய இரண்டு கதிரைகளையும் தள்ளி இடம் எடுத்து, என்னுடையதை நடுவில் வைத்தாள். மத்தியூ கதவைச் சாத்திப் பூட்டினார்.

"அடுத்த முறை ஒண்டும் கொண்டு வரவேண்டாம் அம்மா" என்றாள். "நீங்கள் வந்தாக் காணும்."

பாலம் வரும் வரைக்கும் இவர் விடவில்லை. அந்தக் கதிரையைப் பல்கனியில் போடலாமென்று எவ்வளவு திட்டம் வைத்திருந்தாராம். தானல்லவா கடைகடையாக அலைந்தாராம். கொண்டு வா என்று சொன்னவர்களே வாங்கி வைத்துக்கொண்டால் இது என்ன நியாயமாம். இனி என்னை எதில் இருத்துவதாம்.

நான் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் புலம்பட்டும். எனக்கு என் மகளின் வீட்டில் ஒரு கதிரை இருக்கிறது.